அவர் பங்கு வெற்றிலை

"வேணாம்" என்று கலியாணசுந்தரம் தலையைத் திருப்பிக்கொண்டார். நீலாம்பாள் நீட்டிய வெற்றிலைச் சுருள் அவள் விரல்களுக்கு நடுவிலேயே நின்றது.

கல்யாணமான நாளிலிருந்து, மத்தியானச் சாப்பாடு ஆனதும் அந்தச் சுருள் அவள் கையிலிருந்துதான் அவர் வாய்க்குப் போகும். அப்புறம் தனக்கு ஒன்று மடிப்பாள். உள்ளே ஒரு துண்டு கல்கண்டு வைத்து, கன்னத்தில் அடக்கிக்கொண்டு, அவர் தறிக்கு ராட்டையில் ஊடை நூலைத் தாராகச் சுற்ற உட்காருவாள். அவர் போடாமல் அவள் போட்டதில்லை. அவர் வெளியூர் போன நாட்களில் அவளுக்கும் வெற்றிலை கிடையாது.

"இன்னா, ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்பு நல்லாத்தான் இருக்குது. புடிக்கல, உட்டுட்டேன்."

சொல்லிவிட்டுத் தறிக்குழியில் இறங்கிவிட்டார். எது பிடிக்கவில்லை, வெற்றிலையா, மடித்த கையா?

அவருடைய கடைவாய்ப் பல்லைக் காட்ட இருவரும் டாக்டர் அந்தோணியிடம் போய் வந்ததிலிருந்துதான் எல்லாம் மாறியிருந்தது. அவர் பல்லை அடைத்த டாக்டர், வந்ததற்கு அவள் வாயையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, "நீங்க வெளிய உக்காருங்கம்மா" என்றார். உள்ளே ஆண்கள் என்ன பேசினார்களோ. திரும்பும் வழியில் கலியாணசுந்தரம் மெத்தென்ற பிரஷ் இரண்டு வாங்கினார்.

"இனிமே செங்கப்பொடி வேணாம் நீலா, இதால தேயி" என்று ஒன்றை அவளிடம் கொடுத்தார்.

வேண்டாம் என்று சொன்னதை இரண்டு பங்காகச் செய்வது நீலாம்பாளின் சுபாவம். செங்கல் பொடியை இன்னும் அழுத்தித் தேய்த்தாள். பிரஷ் குத்துவிளக்கு துலக்க உதவியது.

அவரோ தினமும் கண்ணாடி முன் நின்று பல் விளக்கினார். பக்கத்து வீட்டு வடிவு அதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள்.

"இன்னாக்கா, உங்க வூட்டுக்காரரு புது மாப்பிள்ள மாதிரி பல்லு வெளக்கிக்கினு இருக்காரு. வெத்தலயும் உட்டுட்டாராமே?"

"வயசாவுதில்ல. பல்லு மேல அக்கற வந்துக்குது."

"பல்லு மேல மட்டுமா வந்துக்குது? உங்க கையி சுண்ணாம்பு கசந்துபோச்சுக்கா. வேற யாரு மடிச்சுக் குடுக்கறாங்களோ."

வடிவு சிரித்துக்கொண்டே போனாள். அவள் விளையாட்டாய்ச் சொன்னது நீலாம்பாளின் நெஞ்சில் முள்ளாய்த் தங்கிவிட்டது. பிள்ளையார்பாளையம் முழுக்கத் தெருவுக்குத் தெரு வெற்றிலை மடிக்கத் தெரிந்த பெண்கள்தானே.

மறுநாள் பழக்கத்தில் மடித்துவிட்ட அவர் பங்குச் சுருளை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு வாயில் போட்டுக்கொண்டாள். அவர் போடாமல் அவள் போட்ட முதல் வெற்றிலை அது. கோபத்துக்கு இதமாக இருந்தது. அப்புறம் தன் பங்கையும் மடித்துப் போட்டாள்.

அதிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. இரண்டிலும் கல்கண்டு. முந்தானையால் உதட்டை அழுந்தத் துடைத்துவிட்டுத்தான் ராட்டைக்கு வருவாள்.

வெற்றிலைத் தட்டைத் தொடாமல் அவள் தார் சுற்றுவதைத் தறியிலிருந்து ஓரக்கண்ணால் பார்த்து, கலியாணசுந்தரம் தனக்குள் சிரித்துக்கொள்வார். அந்தச் சிரிப்பு யாரை நினைத்து என்று அவளுக்கு வயிறு எரியும். இன்னொரு சுருள் மடிக்கப் போவாள்.

ஐப்பசி மழையோடு அவள் தாடை வீங்கியது. கஞ்சிகூட இறங்கவில்லை. கலியாணசுந்தரம் தறியை அப்படியே போட்டுவிட்டு, ரிக்ஷா வைத்து அவளை டாக்டர் அந்தோணியிடம் அழைத்துப் போனார்.

டாக்டர் வாய்க்குள் விளக்கைக் காட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஈறு இறங்கி வேரெல்லாம் வெளிய தெரியுதும்மா. பல்லுக்கு மேல இருக்கிற கெட்டி ஓடு வேருக்குக் கிடையாது. இனிப்பு அங்கயே தங்கினா அரிச்சுக்கிட்டே போகும். மூணு பல்லு எடுத்தாகணும். வெத்தலைல கல்கண்டு வச்சு அடக்கிக்கிறீங்களா?"

அவள் முந்தானையால் உதட்டை மூடிக்கொண்டாள். டாக்டர் கலியாணசுந்தரத்தின் பக்கம் திரும்பினார்.

"உங்ககிட்ட அன்னிக்கே சொன்னேனே. என்ன பண்ணீங்க?"

"இவுரு இன்னா பண்ணாரா? நான் மடிச்சுக் குடுக்கறத வேணாம்னு தள்ளுனாரு" என்று வீங்கிய வாயோடு நீலாம்பாள் வெடித்தாள். "என் கையே புடிக்காம போச்சு இவுருக்கு. அந்தக் கோவத்துல இவுரு பங்கையும் சேத்து நானே போட்டுக்கினு இருந்தேன்."

கலியாணசுந்தரம் பாதிப் புடவை நெய்கையில் பாவு நூல் அறுந்தவர்போல நின்றார்.

"சொன்னா கேக்கமாட்டா... நான் போடலன்னா இவளும் போடமாட்டான்னுதான் டாக்டர் நான் உட்டேன்."