கோணக்கொம்பன் நிற்கும் இடம்

“மாட்டைப் பிடிக்கிறீங்களா, இல்ல நான் கலெக்டர் ஆபீஸ் வாசல்ல போயி உக்காரவா?”

குருநாதன் மேசையில் தட்டிய தட்டில் தாரணியின் லேப்டாப்பே ஒரு குதி குதித்தது.

அட்டுவம்பட்டியில் காட்டுமாடுகளை ஆராயும் சின்ன அலுவலகம் அது. கோணக்கொம்பன் என்ற கிழட்டுக் காட்டுமாட்டின் கழுத்தில் ஒரு பட்டை கட்டி, அது எங்கெங்கே திரிகிறது என்று கம்ப்யூட்டரில் புள்ளி புள்ளியாகப் பார்ப்பதுதான் தாரணியின் சோலி. குருநாதன் ஊர்க்கோடியில் முட்டைக்கோசு போடுகிறவர். வாரம் தவறாமல் ஒரு புகார் மனுவோடு வந்துவிடுவார்.

“அது அழிக்காத பாத்தி இல்லம்மா. கொண்டுபோயி அடர்காட்டுக்குள்ள தள்ளுங்க!”

அவர் போனதும் மேலதிகாரி செல்வமுருகன் சிரித்தார். “நாளைக்குக் காலையில வனத்துறை மீட்டிங். மாடு இவர் தோட்டத்துக்கு வரலைன்னு உன் டேட்டா சொல்லிட்டா, மனு குப்பைக்கூடைக்கு. கோணக்கொம்பன் இங்கேயே இருக்கும்.”

தாரணிக்கு வேண்டியதும் அதுதான். மூடுபனியாய் இறங்கும் மஞ்சுக்குள்ளிருந்து கோணக்கொம்பன் மெல்ல நடந்து வரும்போது பார்த்தால், மலையே தூக்கம் கலைந்து எழுந்து வருகிற மாதிரி இருக்கும். அதைப் போய் நாடு கடத்தப் பார்க்கிறாரே, பாவி மனுஷன்!

ஆனால் டேட்டா ஒத்துழைக்கவில்லை. தினமும் ஒரே இடத்தில் கொத்தாகப் புள்ளிகள். எங்கே? குருநாதன் தோட்டத்துக் கொல்லைப்புறத்தில்.

“ஆர்ல ஏதோ கோளாறு சார்,” என்றாள்.

ஆர் என்பது அவள் கணக்குப் போடும் கம்ப்யூட்டர் மொழி. லேசுப்பட்ட ஆள் இல்லை அது. தேதியைக் கொடுத்தால் வெறும் எழுத்து என்று சாதிக்கும். நீளமான எண்ணைக் கொடுத்தால் வாலை ஒளித்துவைத்துக்கொண்டு தலையை மட்டும் காட்டும்.

முதலில் வாலைத் தேடினாள். திரையில் சுருங்கித் தெரிந்ததே தவிர, உள்ளே முழு எண்ணும் பத்திரமாக இருந்தது. அடுத்து நேரம். அட, ஆர் இத்தனை நாளும் லண்டன் நேரத்தில் அல்லவா வாசித்துக்கொண்டிருக்கிறது! ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினாள். நடுராத்திரியில் கிடந்த புள்ளிகள் எல்லாம் விடியற்காலைக்கு நகர்ந்தன. இடம் மட்டும் இம்மியும் நகரவில்லை.

“பட்டை கெட்டுப்போயி ஒரே புள்ளியைத் திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கும். டூப்ளிகேட்டுன்னு தூக்கிப் போடு,” என்றார் செல்வமுருகன்.

ஒரே ஒரு வரி எழுதினாள். ‘ஒரே இடம் மறுபடி வந்தால், முதல் புள்ளியை மட்டும் வை, மற்றதை எறி.’ ஓட்டிப் பார்த்தாள். கொத்து போய் ஒற்றைப் புள்ளி மிஞ்சியது. பாவம், என்றோ ஒரு நாள் வழிதவறி வந்திருக்கும் போல! கோணக்கொம்பன் யார் வம்புக்கும் போகாத சாது ஆகிவிட்டது.

மனசுதான் ஒப்பவில்லை. கெட்டுப்போன பட்டை விடியற்காலையில் மட்டுமா கெடும்?

மறுநாள் வெள்ளனே கிளம்பிவிட்டாள். மஞ்சு தரையைத் தொட்டுக் கிடந்தது. யூகலிப்டஸ் மரங்களைக் காணோம், வாசம் மட்டும் இருந்தது. நடக்கிறோமா, இன்னும் போர்வைக்குள்தான் கிடக்கிறோமா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

குருநாதன் தோட்டத்துக் கொல்லைப்புறத்தில் பேச்சுக் குரல் கேட்டது.

“வெரசாத் தின்னுட்டு எந்த ஊருக்குடா போகப் போற? மெதுவாத் தின்னு சாமி.”

கல்சுவருக்கு அந்தப் பக்கம் கோணக்கொம்பன் நின்றது. இந்தப் பக்கம் குருநாதன். முட்டைக்கோசை உரித்து, இலை இலையாக ஊட்டிக்கொண்டிருந்தார்.

தாரணி கண்ணைக் கசக்கிக்கொண்டாள். கனவு இல்லை. அடுத்த நொடி அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“நல்லா இருக்குண்ணே உங்க நாடகம்! இங்க ஊட்டி வளக்குறீங்க, அங்க வந்து அழிச்சிருச்சுன்னு மேசையத் தட்டுறீங்க. எதுக்கு, நஷ்ட ஈடு வாங்கவா?”

“சத்தம் போடாத தாயி,” குருநாதன் பதறிப்போனார். “மிரண்டு கீழ இறங்கிரும்.”

“இறங்கட்டுமே!”

“கீழ என் தம்பி தோட்டம். ராத்திரியெல்லாம் வேலிக்குக் கள்ளக் கரண்டு விடுறான். நல்லா வெளுத்தப்புறந்தான் அணைப்பான். போன மழைக்கு ஒரு கன்னுக்குட்டி செத்துக் கெடந்துச்சு. கால்ல விழாத குறையாச் சொல்லிப் பாத்துட்டேன், கேக்க மாட்டேங்குறான். கூடப் பொறந்தவனைக் காட்டிக்கொடுக்கவும் மனசு வரல.” அடுத்த இலையை உரித்தார். “கருக்கல்ல இவன் காட்டுலருந்து இறங்கி வருவான். வெளுக்கிற வரைக்கும் இங்கயே பிடிச்சு வைக்கிறேன். எத்தனை நாளைக்கு ஓடும்? கோசும் தீரப்போகுது.”

“அப்புறம் எதுக்குக் கெட்ட மாடுன்னு மனு எழுதுறீங்க?”

“நல்ல மாடுன்னு எழுதினா, யாரு தாயி வந்து கூட்டிட்டுப் போவாங்க?”

மஞ்சுக்குள் இலை மெல்லும் சத்தம் மட்டும் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

அவளுடைய போன் அடித்தது. செல்வமுருகன்.

“டூப்ளிகேட் எல்லாம் தூக்கியாச்சுல்ல? பிரிண்ட் போடப் போறேன்.”

“போடாதீங்க சார். நான் எழுதின அந்த வரிதான் தப்பு. அதை எடுத்துடுறேன். புள்ளி அத்தனையும் நெசம் சார்.”

“என்னம்மா சொல்ற? அப்ப மாட்டை இங்கருந்து கொண்டுபோயிடுவாங்களே!”

குருநாதன் ஒரு கோசு இலையை அவளிடம் நீட்டினார். வாங்கிச் சுவருக்கு மேல் காட்டினாள். சூடான மூச்சு உள்ளங்கையில் பட்டது. கண்ணீரைத் துடைக்க இன்னொரு கை இல்லை, அதில் போன் இருந்தது.

“கொண்டுபோகட்டும் சார்,” என்றாள் தாரணி. “ரொம்ப மோசமான மாடு.”