அதே சத்தம்

"எஞ்சினை மாத்திடுங்க தம்பி. ஆனா அவருக்குத் தெரியக் கூடாது."

மெக்கானிக் கையில் இருந்த எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தான். பட்டறை நடுவில் நிற்கிற சிவப்புக் கார் யாருடையது என்று அந்தத் தெருவில் குழந்தைக்குக்கூடத் தெரியும். கார்ப் பந்தயக்காரருடைய வண்டி. எஞ்சின்மேல் சூப்பர்சார்ஜர் உட்கார்ந்திருக்கும். காற்றை வாரி உள்ளே திணித்து, எஞ்சினின் பலத்தை ஒன்றரை மடங்கு ஆக்குகிற எமகாதகச் சாமான். பந்தயக்காரரும் அவனும் சேர்ந்து இருபது வருஷமாகப் பிள்ளை மாதிரி வளர்த்த எஞ்சின் அது.

"அக்கா, வேற எது வேணா கேளுங்க. அந்த எஞ்சினை என் கையால இறக்கச் சொல்லாதீங்க."

"நானும் ஆசைப்பட்டா கேட்கிறேன்?" பந்தயக்காரரின் மனைவி ஸ்டூலில் உட்கார்ந்தாள். "இதயம் பாதிதான் வேலை செய்யுதாம். ஸ்டியரிங்கோட மல்லுக்கட்டுறது, வேகமாப் போறது, ரெண்டும் ஆகவே ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். வண்டியை வித்துடலாமான்னு கேட்டேன். அதுக்கு முன்னாடி என்னை மேல அனுப்பிடுன்னுட்டார். அடுத்த வாரம் ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றார். வந்ததும் சாவியைத்தான் கேட்பார். எனக்கு அவர் வேணும் தம்பி."

இதற்குமேல் மாட்டேன் என்று சொல்ல அவன் என்ன கல்லா?

"சின்ன எஞ்சின் ஒண்ணு இருக்கு. எடை பாதிதான். ஸ்டியரிங் லேசாத் திரும்பும். கனம் குறைஞ்சா வண்டி மூக்கைத் தூக்கிக்கும், அதுக்கு முன்பக்க ஸ்பிரிங்கை மாத்திடலாம். ஆனா சாவியைத் திருகின உடனே கண்டுபிடிச்சிடுவார்க்கா. சூப்பர்சார்ஜர் சீறுற சத்தம் இருக்கே, அது இல்லேன்னா அண்ணனுக்குத் தெரியாதா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற கதைதான்."

"சத்தத்தை மட்டும் வரவழைக்க முடியாதா?"

அவன் தலையைச் சொறிந்துகொண்டு கொஞ்ச நேரம் காரையே பார்த்தான்.

"சூப்பர்சார்ஜரைச் சின்ன எஞ்சின் மேலயே மாட்டி, பெல்ட் போட்டுச் சும்மா சுத்த விடலாம். காத்தை உள்ள விடாம வெளிய திறந்து விட்டுட்டா, பலம் ஏறாது. சீறும், அவ்வளவுதான். குரைக்கிற நாய்க்கா, கடிக்காது."

அன்றைக்கு முதல்முறையாக அவள் சிரித்தாள். வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள்.

"கல்யாணமான புதுசுலகூட அவர் இப்படி இல்ல தம்பி. இப்போல்லாம் நான் பேச ஆரம்பிச்சா, செய்யிற வேலையைப் போட்டுட்டு என் முகத்தையே பார்க்கிறார். இந்த மனுஷனை எப்படி விட்டுக்கொடுப்பேன், சொல்லுங்க."

பழைய எஞ்சினைச் சங்கிலி கட்டி இறக்கும்போது அவனுக்கு அழுகை வந்தது. யாரும் பார்க்கவில்லை, அழுதான். சின்ன எஞ்சின் ஒரு நாளில் உட்கார்ந்துவிட்டது. சத்தம்தான் உயிரை வாங்கியது. முதலில் கொசு மாதிரி கீச்சிட்டது. பெல்ட் ஓடுகிற சக்கரத்தை மூன்று முறை மாற்றினான். நான்காவது சக்கரத்துக்கு, பட்டறை வாசலில் கண்ணை மூடிக்கொண்டு கேட்ட அக்கா, "இதேதான்" என்றாள்.

காரை அவர்கள் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். ஆஸ்பத்திரியிலிருந்து பந்தயக்காரர் வந்தார். சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. மெக்கானிக்கின் தோளைத் தட்டிவிட்டு, நேராகப் போய் ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்து சாவியைத் திருகினார். கார் சீறியது. அக்கா மெக்கானிக்கைப் பார்த்தாள். அவன் எங்கேயோ பார்த்தான்.

தெருவை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை.

"எப்படி இருக்கு வண்டி?" என்று ஜன்னலில் குனிந்து கேட்டாள் அக்கா.

அவள் முகத்தையே பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்படியே இருக்கு. ஒரு குறையும் இல்ல."

அக்கா நிம்மதியாக மாத்திரை எடுக்க வீட்டுக்குள் போனாள். மெக்கானிக்குக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. இருபது வருஷப் பழக்கம். இந்த மனுஷனைப் போய் ஏமாற்றுவதா? முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாமல், பின் சக்கரத்தைப் பார்க்கிற சாக்கில் குந்தி உட்கார்ந்து, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லித் தீர்த்தான். சின்ன எஞ்சின், வெறுமனே சுற்றுகிற சூப்பர்சார்ஜர், அக்காவின் கண்ணீர், எல்லாவற்றையும்.

பதிலே இல்லை. ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கோபம்தான் என்று நினைத்தான். எழுந்து ஜன்னல் பக்கம் வந்து, "மன்னிச்சிடுங்கண்ணே" என்றான்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எதுக்குடா மன்னிப்பு? சின்ன எஞ்சின் போட்டதுக்கா? ஸ்டியரிங்கைப் பிடிச்சதுமே தெரிஞ்சுபோச்சு, இது என் வண்டி இல்லைன்னு. அவ பயம் எனக்குத் தெரியாதா? நிம்மதியா இருக்கட்டும். எனக்குத் தெரிஞ்சதாக் காட்டிக்காதே."

"அப்போ சத்தத்தைக் கேட்டுக்கூட நீங்க ஏமாறலையாண்ணே?"

அவன் சொல்லி முடிக்கும்வரை அவர் அவனுடைய உதட்டையே பார்த்தார். பிறகு எஞ்சின் பக்கம் கையைக் காட்டினார்.

"சத்தம் வருதா? பழைய மாதிரியேவா?"

அவன் தலையாட்டினான். அவர் வீட்டு வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குக் காது சுத்தமாப் போய் ஆறு மாசம் ஆச்சுடா. அவகிட்ட சொல்லிடாதே, அவ குரலே எனக்குக் கேக்கலைன்னு தெரிஞ்சா தாங்க மாட்டா."