நேற்றைய புளியோதரை

ஆபரேஷன் அன்று காலை, மரகதவல்லியின் இரைப்பை கலங்கிப் போய் நாக்கைக் கூப்பிட்டது. "நேற்று மதியம் தின்ற புளியோதரை இன்னும் என்னிடமே கிடக்கிறது. உடம்பு இளைக்கப் போடும் ஊசி அதை நகரவிடவில்லை. மயக்கத்தில் மேலே ஏறினால் நுரையீரலுக்குள் போய்விடும். டாக்டரிடம் சொல்லிவிடு."

"நாத்தனார் பக்கத்திலேயே நிற்கிறாள். நடந்து இளைத்ததாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேனே" என்றது நாக்கு.

மயக்க மருந்து டாக்டர் வந்து கேட்டார். "வேறு மாத்திரை, ஊசி ஏதாவது?"

"ஒன்றும் இல்லை. ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை" என்றது நாக்கு.

இரைப்பை இருந்த பலத்தையெல்லாம் திரட்டி ஓர் ஏப்பத்தை மேலே அனுப்பியது. பெருங்காய வாசனை அடித்தது. டாக்டரின் பேனா நின்றது. அவர் நிமிர்ந்து மரகதவல்லியின் முகத்தைப் பார்த்தார்.

மேலண்ணத்தில் ஒட்டிக்கிடந்த நாக்கு மெல்லப் பிரிந்தது.

"வாரம் ஒரு ஊசி, டாக்டர். நான் நடக்கவே இல்லை."