கடைசி வரிசைத் தூக்கம்

"கியேன்னா எங்கே, தியேன்னா அங்கே. அடுத்ததைச் சொல்லுங்கம்மா! வாய்க்குப் பூட்டா போட்டிருக்கு?"

எல்லா நாட்டாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று ஒருவர் உருவாக்கிய எஸ்பெராந்தோ மொழிக்கு வாத்தியார் அவர். பிரம்பால் கரும்பலகையைத் தட்டினார். கடைசி வரிசையிலிருந்து எழுந்த பெண் பலகையிலிருந்த அட்டவணையைப் பார்த்துத் திருதிருவென விழித்தாள். அவளுக்கு நாற்பது வயதிருக்கும்.

சட்டையில் எஸ்பெராந்தோவின் சின்னமான பச்சை நட்சத்திரம் குத்தியிருக்கும் வாத்தியாருக்கு, இந்த மொழியைத் தன்னைப்போல் உச்சரிக்க ஊரில் ஆளில்லை என்ற எண்ணம். போட்டிக்கும் யாரும் இருந்ததில்லை.

"சொல்லுக்குத் தலை அஞ்சு, வால் ஒன்பது. ஒட்டினா நாற்பத்தஞ்சு வார்த்தை. 'கி' வந்தா கேள்வி, 'தி' வந்தா சுட்டு, 'நெனி' வந்தா இல்லை. வால்ல 'ஏ' இருந்தா இடம், 'அம்' இருந்தா நேரம். நம்ம எங்கே அங்கே, எப்போ அப்போ மாதிரிதான். இதுகூடவா மண்டையில ஏறல?"

"கட்டம் கட்டமாப் பார்த்தா குழம்புது சார்."

வகுப்பு சிரித்தது.

"குழம்பாம? நான் வாசிக்கிறப்பல்லாம் கண்ணை மூடித் தூங்கறீங்க. பேசச் சொன்னா பாதியை முழுங்கிட்டு ஓடறீங்க. பஸ்ஸா போயிடும்? என்னை மாதிரி நிறுத்திப் பேசணும். அட்டவணை ஒப்பிக்காதவங்களுக்கு இங்க இடமில்ல. இன்னியோட நின்னுக்கலாம்."

எல்லோரும் போன பிறகும் அவள் கதவருகே நின்றாள்.

"ஓரமா உட்கார்ந்துக்கறேன் சார். எதுவும் சொல்லித்தர வேண்டாம். நீங்க வாசிக்கறதைக் கேட்டாப் போதும்."

"கத்துக்க வேண்டாம்னா எதுக்கும்மா வகுப்பு? காத்து வாங்கவா?" அவர் மின்விசிறியை அணைத்தார்.

அவள் கைப்பையின் வாரை முறுக்கினாள்.

"அம்மா ஒரு தேசம், அப்பா ஒரு தேசம். அவர் பாஷை இவங்களுக்குப் புரியாது, இவங்க பாஷை அவருக்கு வராது. ரெண்டு பேருக்கும் பொதுவா இருந்தது இதுதான். நான் பிறந்ததும் என்கிட்டயும் இதுலயே பேசினாங்க. தமிழெல்லாம் நான் பள்ளிக்கூடத்துல கத்துக்கிட்டது. அம்மா எப்பவோ போயிட்டாங்க. போன மாசம் அப்பாவும்... இதுக்கு அட்டவணைன்னு ஒண்ணு இருக்கறதே இங்க வந்துதான் சார் தெரியும்."

வாத்தியாரின் கை தானாகப் போய் நட்சத்திரத்தை மூடிக்கொண்டது.

"உங்க உச்சரிப்பு கொஞ்சம் கரடுமுரடுதான், பரவாயில்ல சார். கண்ணை மூடிக்கிட்டா, வீட்டுல இன்னும் யாரோ இருக்கற மாதிரி இருக்கு."