எலும்பில்லாத நடை

"அமீபாவுக்குத்தான் எலும்பே இல்லியே டீச்சர், அப்புறம் எத்த வெச்சு காலை நீட்டுது?"

எட்டாம் வகுப்பில் கங்கை எழுந்து நின்று கேட்டாள்.

"மீன்முள்ள வெச்சு!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

வகுப்பே சிரித்தது. மீன்காரர் மகள் உட்கார்ந்துவிட்டாள். அதன்பின் அவள் கேள்வியே கேட்கவில்லை. அடுத்த ஆண்டு பள்ளிக்கும் வரவில்லை.

முப்பத்தோரு வருடங்கள் ஆகின்றன. அவளோடு படித்த காந்தா இப்போது அதே பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. கங்கையம்மாள் தெருமுனையில் தாமல் ஏரி மீன் விற்கிறாள்.

"துள்ளுற மீன்லேர்ந்து ஒரு செதில் குடு கங்கை."

"இது மூணாவது வாட்டி டீச்சரம்மா. பெருமாள் கோயில் தெருவுல செதில்ல என்னா கொழம்பு வெக்கிறீங்க?"

"நாளைக்கு மத்தியானம் பள்ளிக்கூடத்துக்கு வா. காட்டறேன்."

முதல் செதில் காய்ந்து போயிருந்தது. இரண்டாவது குழாய்த் தண்ணீரில் செத்தது. இந்த முறை காந்தா ஆய்வகத்தில் மருந்துக்கடை உப்புநீரை அளவாக நீர்த்து, கண்ணாடித் தகட்டில் செதிலை வைத்து, ஈரத்துணியால் மூடிவிட்டு வந்தாள். மீன் தொட்டதற்காகப் பெருமாள் கோயிலுக்குப் போகத் தயங்கவில்லை. மீனாக வந்தவர்தானே அவர்! 'இன்றைக்காவது' என்று மட்டும் வேண்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை. ஆய்வகத்தில் ஆளில்லை. நுண்ணோக்கியில், செதிலின் ஓரத்திலிருந்து செல்கள் பிறை பிறையாகக் கழன்று வந்திருந்தன.

ஒன்று நகர்ந்தது.

கங்கையம்மாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு குனிந்தாள். மூச்சை அடக்கிப் பார்த்தாள்.

"ஏய், போவுதுடி காந்தா!"

"எலும்பு இல்ல. உள்ள ஆக்டின்னு ஒரு புரதம், இழை இழையா இருக்கு. முன்னால இழை வளர்ந்து வளர்ந்து செல்லோட ஓரத்தைத் தள்ளுது. பின்னால பிரியறது மறுபடி முன்னால வந்து சேருது. அமீபா கால் நீட்டறதும் இதாலதான்."

கங்கையம்மாள் வெகுநேரம் தலை நிமிரவில்லை. நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"நானே மறந்துட்டேன். நீ எப்டிம்மா இத்தினி வருசமா ஞாபகம் வெச்சிக்கினு இருக்கே?"

காந்தா குனிந்து லென்சைத் திருகினாள்.

அன்று வகுப்பில் பின்வரிசையில் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு, குரலை மாற்றிக் கத்தியது அவள்தான் என்பது பெருமாளுக்கு மட்டுமே தெரியும்.