சாகாத விமானம்

“இன்னைக்கும் செத்துட்டேன், நூரு. வெயில் ஏறுறதுக்குள்ள மூணு தடவ” என்றான் ஜெய்னுலாப்தீன்.

நூர்னிசா தோள்பையைக்கூட இறக்காமல் கம்ப்யூட்டர் பக்கம் போனாள். திரையில் குட்டி விமானம் வெடித்துச் சிதறி, ஆட்டம் முடிந்து நின்றது. அவன் வலது கை வழக்கம்போல மடியில் கிடந்தது.

“பொறவு ஆடவே இல்லையா மச்சான்?”

“சலிச்சுப்போச்சு. எந்திரிச்சுட்டேன்.”

ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் சென்டரைக் கணவன் மனைவி இருவரும் சேர்ந்துதான் நடத்தினார்கள். வன்னியம்பட்டி விலக்கில் பைக் சறுக்கி விழுந்ததில் அவன் வலது கை விரல்கள் மரத்துப்போயின. நரம்பு மெல்லத் துளிர்க்கும், ஆனால் விரல்களைத் தினமும் வேலை வாங்காவிட்டால் அப்படியே விறைத்துவிடும் என்றார் மதுரை டாக்டர்.

பிடித்து அமுக்கக் கொடுத்த ரப்பர் பந்தை அவன் தூக்கி எறிந்தான். புரோகிராம் எழுதுங்கள் என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் சென்டரின் பழைய கம்ப்யூட்டரை ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தபோது, அவன் தொட்டது இந்த விமான ஆட்டத்தை மட்டும்தான். சுடுகிற விசை கீபோர்டின் வலது பக்கம் இருந்தது. நெடுநேரம் ஆடினால் அந்தக் கைக்கும் ஒரு ஆசை வராதா என்று அவள் நினைத்தாள்.

ஆனால் மூன்று உயிர் போனதும் அவன் எழுந்துவிடுகிறான். எனவே உயிர் போகாமல் செய்துவிட்டாள்.

அது ஒன்றும் மாயம் இல்லை. ஆட்டத்தின் எக்ஸி கோப்பு, பிராசஸருக்கான கட்டளைகளை எண்களாக அடுக்கி வைத்த நீண்ட வரிசை. விமானம் வெடிக்கும் இடத்தில் 48 என்று ஒரு எண் இருந்தது. ‘ஒன்றைக் கழி’ என்று அதற்குப் பொருள். டிபக் என்ற கருவியால் திறந்து, அந்த இடத்தில் 90 போட்டாள்; அதற்கு ‘சும்மா இரு’ என்று பொருள். டிபக் எக்ஸி கோப்பைச் சேமிக்காது. முதலில் கோப்புக்கு வேறு பெயர் வைத்து, எண்ணை மாற்றி, பிறகு பழைய பெயருக்கே திரும்ப வேண்டும்.

இத்தனையும் அவனுக்குத் தெரியாமல் விடியற்காலையிலேயே செய்துவிட்டு பஸ் ஏறினாள். சாயங்காலம் வந்து பார்த்தால் அந்த இடத்தில் மறுபடியும் 48.

மறுநாளும் மாற்றினாள். மறுநாளும் 48. ஒரு சாயங்காலம் ஆட்டம் திறக்கவே இல்லை. கோப்பு மாற்றுப் பெயரிலேயே கிடந்தது. அவசரத்தில் தானே மறந்துவிட்டதாக நொந்துகொண்டாள். காலையில் ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தாள்; அது மட்டும் இடித்தது.

நாளை மதுரைக்குப் போக வேண்டும். விரல்கள் இனி வருமா, வராதா என்று டாக்டர் சொல்லிவிடுவார். நூர்னிசா கோப்பைத் திறந்தாள். 48.

“வைரஸ்தான்! மொத்தத்தையும் அழிச்சுட்டு வேற ஏத்துறேன்” என்று கத்தினாள்.

“ஏட்டி, சும்மா கெட. ஊர்ல இருக்கிற வைரஸ் ஒத்த நம்பரத் தேடி நம்ம வீட்டுக்கு வருதாக்கும்?”

அவள் சட்டென்று திரும்பினாள். “நம்பர மாத்துனது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எம்புட்டு மோதினாலும் சாகாத விமானத்த எவன் ஓட்டுவான்? மொத நாளே தெரிஞ்சுபோச்சு. நீ பஸ் ஏறுனதும் தெனமும் பழையபடி மாத்திப்புடுவேன்.”

அவள் கண்கள் நிறைந்துவிட்டன. “ஒங்க கை வரணும்னு நான் கெடந்து சாகுறேன். ஒத்தக் கையால அம்புட்டு எழுத்தத் தட்டி என் வேலையக் கெடுக்க மட்டும் தெம்பு இருந்துச்சோ?”

ஜெய்னுலாப்தீன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டான்.

“டாக்டர் முன்னால வச்சுச் சொல்லலாம்னு இருந்தேன்” என்றான். “இடது கையால தட்டல, நூரு.”