மூன்றாவது வரி

"மூணாவது வரியை மட்டும் எடுத்துட முடியாதா, நானா?"

தெய்வநாயகம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் ஷம்சுதீன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

"அந்த வரிக்காகத்தானே பதவியே கொடுக்குறாங்க, பிள்ளை! பேரரசருக்கு உண்மையா இருப்பேன், ஜனங்களுக்கு என் தலை பிணை, இந்த ரெண்டும் எல்லாத் தலைவருக்கும் பொது. மூணாவதுதான் ஆளுக்கு ஆள் மாறும். நம்ம ஹனீபா என்ன சத்தியம் பண்ணாரு தெரியுமா? தன் கடையில பதுக்கின அரிசி இல்லைன்னு! யாருக்கு எதுல பயமோ அதைத்தான் சொல்ல வைப்பாங்க."

"எனக்கு வந்ததை இன்னொரு தடவை சொல்லுங்க."

"'சயாம் ரயில் வேலையிலிருந்து ஓடிவந்தவன் எவனும் என் கூரையின்கீழ் உயிரோடு இல்லை.' ஒரே மூச்சில சொல்லிடணும். ஜப்பான்கார துவான் உங்க வாயைப் பார்க்க மாட்டாரு, மூஞ்சியைத்தான் பார்ப்பாரு. நீங்க கோயிலுக்கு வரலைன்னா அவரே இங்க வந்துடுவாரு, தேடுறதுக்கு." ஷம்சுதீன் எழுந்தார். "நான் வாசல்ல நிக்கிறேன். சீக்கிரம் சட்டையை மாத்துங்க லா."

அந்த ஜப்பானிய அதிகாரி ஒவ்வொருவரையும் அவரவர் தெய்வத்தின் முன்னால்தான் பதவிப் பிரமாணம் செய்யவைத்தான். தன்னைவிடத் தங்கள் தெய்வங்களுக்கே இவர்கள் அதிகம் அஞ்சுகிறார்கள் என்பதை அவன் கண்டுகொண்டிருந்தான். தெய்வநாயகத்துக்கு விதிக்கப்பட்டது பொய்யாத விநாயகர் சந்நிதி. காஜா பெராங்கில் பல தலைமுறைகளாக வாழ்ந்துவந்த செட்டிகளின் வீடுகளில் மலாய்தான் பேச்சு. கிள்ளானிலிருந்து வந்த மனைவியிடம் தமிழ் கற்றிருந்தவர் அவர் ஒருவரே. வட்டாரத்து இந்தியர்களுக்குத் தலைவராக அவருக்கிருந்த தகுதி அவ்வளவுதான்.

அவருடைய அச்சம் உள்ளறையில் படுத்திருந்தது. தம்பி சின்னப்பா சயாமிலிருந்து காய்ச்சலோடு தப்பி வந்திருந்தான். அவன் அங்கேயே இறந்துவிட்டதாக ஊருக்குச் சொல்லியிருந்தார்கள். செட்டிகள் இறந்தோருக்கு 'பார்ச்சு' படைப்பார்கள்: வாழையிலையில் உணவிட்டு, விளக்கேற்றி, கதவைச் சாத்திவிட்டு, முன்னோர் உண்டு முடிக்கும்வரை வெளியே காத்திருப்பார்கள். ஆண்டில் சில நாள்களுக்கு மட்டும் உரிய அந்த வழக்கத்தை, அவருடைய மனைவி சிவகாமசுந்தரி நாள்தோறும் செய்தாள். துக்கத்தில் அறிவு பேதலித்துவிட்டது என்று அண்டை வீட்டார் இரக்கப்பட்டார்கள். மூடிய கதவுக்குப் பின்னால், இறந்தவன் மரவள்ளிக் கிழங்கு தின்றான்.

தெய்வநாயகம் உள்ளே வந்தபோது, சாத்திய கதவின் முன் சிவகாமசுந்தரி அகப்பையோடு நின்றிருந்தாள். சாம்பிராணிப் புகை வழக்கத்தைவிட அடர்த்தியாக இருந்தது.

"சிவகாமு, எனக்குக் கை ஓடல. சத்தியம் பண்ணலைன்னா அவனைப் பிடிச்சுக் கொன்னுடுவாங்க. பண்ணினா சாமி கொன்னுடும். பொய்ச் சத்தியம் யாரைப் பத்திப் பண்றோமோ, அவங்களையே கொண்டு போயிடும்னு எங்கப்பா சொல்வாரு."

"பண்ணுங்க."

"என்னடி, இவ்வளவு லேசா சொல்றே?"

"ஒண்ணும் ஆகாது. நான் சொல்றேன்ல, தைரியமாப் போய்ச் சொல்லுங்க." அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவன் உயிரு. அவனைக் கேட்காம நான் எப்படி…"

"வேணாங்க. தூங்குறாரு. தட்டாதீங்க."

அவர் தட்டிவிட்டார். கதவை ஒட்டித்தான் தம்பியின் பாய். பேசினால் வெளியே கேட்டுவிடும் என்பதால், பலகையில் விரலால் தட்டியே அவன் பதில் சொல்வான். ஆம் என்பதற்கு ஒரு தட்டு. இல்லை என்பதற்கு இரண்டு.

"தம்பி, நான் சத்தியம் பண்ணட்டுமாடா?"

உள்ளிருந்து ஒரு தட்டு கேட்டது. காய்ச்சல்காரனின் தளர்ந்த தட்டாக அது இல்லை, உறுதியாக இருந்தது.

சிவகாமசுந்தரியின் கையிலிருந்து அகப்பை விழுந்தது. அவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

"பார்த்தியா, அவனே சொல்லிட்டான்," என்றார் தெய்வநாயகம். பல நாள்களுக்குப் பிறகு அவர் முகம் தெளிந்திருந்தது.

"போங்க," என்றாள் அவள். "போயிட்டு வந்துடுங்க."

சந்நிதியில் அவருடைய உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றினார்கள். முதலிரண்டு வரிகளையும் அதிகாரி காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. மூன்றாவது வரி தொடங்கியதும் ஓரடி முன்னால் வந்து, அவர் கண்களுக்குள் பார்த்தான். தெய்வநாயகம் இமைக்காமல், ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அதிகாரி தலையசைத்துவிட்டுத் தன் காருக்குப் போனான்.

"அடேயப்பா! ஹனீபாவுக்குக் கை உதறின உதறல்ல ஜிப்பாவே கிழிஞ்சிருக்கும்," என்று ஷம்சுதீன் காதோரம் சிரித்தார். "உங்களுக்கு எங்கேயிருந்து வந்துச்சு இந்த நெஞ்சுரம்?"

தெய்வநாயகம் வீட்டுக்கு விரைந்து நடந்தார்.

சிவகாமசுந்தரி அதே கதவின் முன் உட்கார்ந்திருந்தாள். தலைக்குக் குளித்திருந்தாள், கூந்தலை முடியவில்லை.

"முடிஞ்சுது, சிவகாமு! இனிமே இந்தப் பக்கம் எவனும் வரமாட்டான். கதவைத் திற, அவன்கிட்ட சொல்லணும். அவன் சம்மதிச்சதாலதான் நாக்கு குழறாமப் பொய் சொன்னேன்."

"நீங்க பொய் சொல்லலைங்க."

அவர் நின்றார்.

"அழுத முகத்தோட போனா துவான் கண்டுபிடிச்சுடுவான்னுதான் உங்ககிட்ட மறைச்சேன்," என்று அவள் கதவைப் பார்த்தபடியே சொன்னாள். "விடியறதுக்கு முன்னாடியே தம்பி உயிரு போயிடுச்சு, கண்ணை மூடி, ரெண்டு கை கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டி, கதவை விட்டுத் தள்ளி அறை நடுவுல கிடத்தினது நான்தான்."